மதகு தாண்டினால் ஊமை

ஒரு கார் ஹாரனுக்குத் தெரு அடையாளம் தெரியுமா?

தெரியும் என்று கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யத் தயாராக இருந்தேன், போன வாரம் வரைக்கும். யார்? நான்! ஒரத்தநாட்டுப் பக்கம் ஹைஸ்கூலில் பேட்டரி, பல்பு, சுவிட்ச் என்று போர்டில் படம் போட்டுப் பாடம் எடுக்கிற சயின்ஸ் வாத்தியார்!

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். போன இடத்தில் லீவே போய்விட்டது. ஆனால் சொல்கிறேன்... இப்படி ஒரு லீவு எனக்கு இனி வராது.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு எங்கள் தெருவைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வரி. குடவாசலுக்குப் போகிற மெயின் ரோட்டிலிருந்து இறங்கினால் ஒரு வாய்க்கால், அதன்மேல் ஒரு வண்டி போகிற அகலத்துக்கு ஒரு மதகு, மதகைத் தாண்டினால் எங்கள் தெரு. ஊரிலிருந்த நிலமெல்லாம் ஒரு காலத்தில் பெரிய பண்ணையுடையது. அந்த நிலத்தில் இறங்கிய கால்களெல்லாம் எங்கள் தெருவுடையவை. அப்புறம் சங்கம் வந்தது, ஸ்ட்ரைக் வந்தது, உச்சவரம்புச் சட்டம் வந்தது, கேஸ் நடந்தது... இன்றைக்குப் பண்ணை வீடு பூட்டிக் கிடக்கிறது. பிள்ளைகளெல்லாம் மெட்ராஸில்.

அவர்கள் மாட்டுக்கொட்டகையில் விட்டுப்போன கார் இப்போது எங்களுடையது. எனக்கு மட்டும் இல்லை, தெருவுக்கே! வீட்டுக்கு வீடு நெல் போட்டு, மார்கழியில் வாங்கினோம்.

கறுப்பு வண்டி. வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலில் வந்தது. முன்னால் தவளைக் கண் மாதிரி இரண்டு விளக்கு, பக்கத்தில் ஏறி நிற்கப் பலகை. ஊரில் அதற்குப் பெயர் ப்ளஷர்.

எங்கள் தெருவுக்கு எதற்கு ப்ளஷர்? ஆஸ்பத்திரிக்குப் போகத்தான். கார்த்திகை மழையில் ஒரு பெண்ணைப் பிரசவ வலியோடு கயிற்றுக் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு ஓடினார்கள். சேற்றில் ஒருவருக்குக் கால் வழுக்கி, கட்டில் சரிந்து... நல்ல வேளை, தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அன்றைக்கு ராத்திரியே அப்பா தெருவைக் கூட்டிச் சொல்லிவிட்டார்.

"இனிமே நம்ம தெருப் பொம்பளை எவளும் கட்டில்ல போகக் கூடாது."

வாங்கிய காரில் முதலில் போக வேண்டியவள் யார் தெரியுமா? என் அக்கா தங்கம். தலைப்பிரசவம், அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள். இன்றைக்கோ நாளைக்கோ என்று இருக்கிறது. "நான்தான் முதல் பாசஞ்சர்!" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள், நான் போய் இறங்கிய அன்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

விஷயம் இதுதான். காருக்கு ஹாரன் அடிக்கவில்லை.

தை மாதம் எங்கள் தெரு எப்படி இருக்கும்? தரையே தெரியாது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நெல் காயும். நடுவில் பெண்கள் முதுகைக் காட்டிக்கொண்டு காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருப்பார்கள், வாய் ஓயாமல் பேசிக்கொண்டு. அதற்குள் ஹாரன் இல்லாமல் ஒரு கார் வந்தால்?

வந்தது. ராசாத்தி சித்தி வாயாலேயே கேளுங்கள். என்னைப் பார்த்ததும் முறத்தோடு ஓடி வந்துவிட்டார்.

"வாடா வாத்தியாரே! உங்க காரு பண்ணுன வேலையைக் கேளு. நெல்லைத் தூத்திக்கிட்டு நிக்கிறேன். பின்னால ஏதோ முட்டுது. எருமைன்னு நெனச்சு 'சீ, போ'ன்னு முறத்தால ஒரு அடி வச்சேன். போகலை. இன்னொரு அடி வச்சேன். அப்பவும் போகலை. திரும்பிப் பார்த்தா... காருடா! நெல்லு மேல அப்படியே குப்புற விழுந்துட்டேன்!"

"அடி பட்டுச்சா சித்தி?"

"எனக்கு இல்லை. முறம்தான் உடைஞ்சு போச்சு."

சிரிப்பாகச் சொன்னாலும் தெரு சிரிக்கவில்லை. இன்றைக்கு முறம், நாளைக்கு ஆள் என்றால்? 'ஹாரன் அடிக்கிற வரைக்கும் ப்ளஷர் மதகைத் தாண்டக் கூடாது' என்று சொல்லிவிட்டார்கள். நியாயம்தான். ஆனால் எங்கள் வீடு தெருவின் கடைசி வீடு. அக்காவுக்கு வலி எடுத்தால் மதகு வரைக்கும் எப்படிப் போவது?

"கட்டில்ல தூக்கிக்கிட்டுப் போயி..." என்று அம்மா ஆரம்பித்தாள்.

"கட்டில்ல ஏற மாட்டேன். நடந்தே போறேன். வழியில பெத்துக்கிட்டா நெல்லுலேயே போட்டு உருட்டிக்கிட்டு வாங்க" என்றாள் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏன்டா, இவ்வளவு படிச்சியே... ஒரு ஹாரனை அழ வைக்க முடியாதா உன்னால?"

போதாதா? பெட்டியைக்கூடத் திறக்கவில்லை. நேரே மதகுக்கு ஓடினேன்.

மதகுக்கு மெயின் ரோட்டுப் பக்கம், ரைஸ் மில் நிழலில் ப்ளஷர் நின்றது. பக்கத்திலேயே கோவிந்தன் அண்ணன். பண்ணை வீட்டில் கடைசி சில வருஷம் இந்தக் காரை ஓட்டியவர். கார் எங்களுக்கு வந்தபோது ஸ்டெப்னி டயர் மாதிரி அவரும் கூடவே வந்துவிட்டார். நல்ல மனுஷர். டாஷ்போர்டில் வரிசையாக இருந்த குமிழ்களை, பெண் வீட்டுக்காரர்களுக்கு உறவினர்களைக் காட்டுவது போல ஒவ்வொன்றாக அறிமுகப்படுத்தினார்.

"இது சோக் தம்பி. இது லைட்டு. இது வைப்பரு, வேலை செய்யாது. இதோ, அடியில இருக்கு பாருங்க, இது மதகு பட்டன்."

"மதகு பட்டனா?"

"ஆமா. மதகு ஏறும்போது உள்ளே அமுக்கணும். திரும்பி வந்து இறங்கும்போது இழுக்கணும். வண்டிக்கு நல்லது."

தலையை ஆட்டினேன். மேடு ஏறும்போது எஞ்சினுக்குக் கொஞ்சம் காற்றோ பெட்ரோலோ கூட்டிக் கொடுக்கிற சமாச்சாரமாக இருக்கும் என்று நானே ஒரு விளக்கம் எழுதி, நானே டிக் போட்டுக்கொண்டேன். வெள்ளைக்காரன் மூளையே மூளை!

இனி ஹாரன். பழுது பார்க்கிறவனுக்கு வேண்டியது சந்தேகம். அதையும் வரிசையாகப் படவேண்டும். முதலில் ஹாரனையே சந்தேகப்பட்டேன். கழற்றி, பேட்டரியிலிருந்து நேராக வயர் கொடுத்தேன். 'பாம்ம்ம்' என்று ஒரு சத்தம்... மில் கூரையிலிருந்த புறாவெல்லாம் பறந்தன! அப்படியானால் ஹாரன் நிரபராதி. அடுத்து ஃபியூஸ். அதுவும் நிரபராதி. அடுத்து ஸ்டீயரிங் நடுவில் இருக்கிற பட்டன். திறந்தால், உள்ளே தகடு பச்சை பிடித்துக் கிடக்கிறது. கொட்டகையில் கிடந்த ஈரம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். எர்த் வயர் பாடியில் சேர்கிற போல்ட்டில் துரு. அதையும் சுரண்டினேன். எல்லாவற்றையும் மாட்டிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு பட்டனை அமுக்கினேன்.

பாம்ம்ம்ம்!

ஆஹா! டிகிரி வாங்கியபோதுகூட எனக்கு இவ்வளவு சந்தோஷம் இல்லை. கோவிந்தன் அண்ணன் என்னைக் கட்டிப்பிடித்து, என் சட்டையெல்லாம் கிரீஸ். "ஏறுங்க தம்பி! தெருவுக்குள்ள ராஜா மாதிரி போவோம்!"

போனோம். மதகு ஏறினோம். இறங்கினோம். ராசாத்தி சித்தி தூரத்தில் தெரிந்தார், புது முறத்தோடு. அண்ணன் கம்பீரமாக ஹாரனை அமுக்கினார்.

ஒன்றும் வரவில்லை.

மறுபடி அமுக்கினார். ம்ஹூம். காரை அப்படியே ரிவர்ஸில் எடுத்து மதகுக்கு வந்தோம். மில் பக்கம் இறங்கியதும் அமுக்கினார். பாம்ம்ம்! திரும்பத் தெருவுக்குள் போனோம். ஊமை. வெளியே வந்தோம். பாம்ம்ம்!

உங்களுக்குச் சிரிப்பு வருகிறதா? எனக்கு வரவில்லை. உள்ளே போனால் ஊமை, வெளியே வந்தால் பேச்சு... இதற்கு எந்தப் புத்தகத்தில் பாடம் இருக்கிறது?

அதற்குள் தெருவே மதகில் கூடிவிட்டது. ஆளுக்கொரு ஆராய்ச்சி!

"பண்ணைக் காரு இல்லையா? நம்ம தெருவுல வாயைத் திறக்கக் கவுரவக் குறைச்சல்!"

"அதெல்லாம் இல்லை. சித்தி முறத்தால அடிச்சா இல்ல, பயந்து போச்சு."

அப்பா மட்டும் மதகுக் கட்டையில் உட்கார்ந்து காரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் விடவில்லை. மதகு ஏறி இறங்கும் குலுங்கலில் ஏதோ ஒரு வயர் விலகுகிறது, இதுதான் என் கட்சி. பானெட்டுக்குள் இருந்த வயரையெல்லாம் சணலால் இறுக்கிக் கட்டினேன். சோதனைக்காக மில் வாசலில் மேடு பள்ளத்தில் தூக்கித் தூக்கிப் போட்டு ஓட்டச் சொன்னேன். எனக்கு முதுகெலும்பு கழன்றதே தவிர, ஹாரன் பிசகவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது. மதகைத் தாண்டினோம்... ஊமை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். அக்கா வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இடுப்பு நோகிறது என்றாள். இது அந்த வலி இல்லை, பொய் வலி என்றாள் அம்மா.

மறுநாள் விடிந்ததும் ஒரு யோசனை. ஹாரனுக்குக் கரண்ட் வருகிறதா என்று ஒரு விளக்கைக் கேட்டால் என்ன? பழைய டெயில் லைட் பல்பு ஒன்றில் நீளமாக இரண்டு வயர் கட்டினேன். ஒன்று ஹாரனுக்குக் கரண்ட் வருகிற முனையில், இன்னொன்று பாடியில். பல்பு மட்டும் ஜன்னல் வழியாக என் மடியில். கரண்ட் வருகிற வரைக்கும் பல்பு எரியும். எந்த இடத்தில் அணைகிறதோ அந்த இடத்தில் திருடன்!

கிளம்பினோம். மடியில் பல்பு, கைக்குழந்தை மாதிரி. எரிகிறது... எரிகிறது... மதகு ஏறுகிறோம், எரிகிறது... உச்சியில்...

அணைந்தது!

"நிறுத்துங்கண்ணே!"

நிறுத்தினார். குலுங்கவே இல்லை, கார் மெதுவாகத்தான் ஏறியது. அப்புறம் ஏன் அணைந்தது? பல்பைப் பார்த்தேன். நிமிர்ந்து கோவிந்தன் அண்ணனைப் பார்த்தேன். அவருடைய கை டாஷ்போர்டுக்கு அடியில் இருந்தது.

"அண்ணே... இப்ப என்ன பண்ணுனீங்க?"

"நானா? ஒண்ணும் பண்ணலையே."

"கை எங்கே இருக்கு?"

தன் கையை, வேறு யாருடையதோ கை மாதிரிப் பார்த்தார். "அட, மதகு பட்டன். அதான் சொன்னேனே."

"இழுங்க."

இழுத்தார். பல்பு எரிந்தது. அமுக்கச் சொன்னேன். அணைந்தது. மறுபடி இழுத்தார். எரிந்தது. நான் எட்டி ஹாரனை அமுக்கினேன். மதகு உச்சியில், எங்கள் தெருவைப் பார்த்து... பாம்ம்ம்ம்ம்!

நான் ரிப்பேர் பார்த்ததிலிருந்து கார் ஊமையே இல்லை! ஒவ்வொரு தடவையும் நாங்களேதான் அதன் வாயைப் பொத்தி உள்ளே கூட்டிப்போயிருக்கிறோம்!

"ஏன்ணே, இதை அமுக்கணும்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"எனக்கு முந்தி ஓட்டுன டிரைவர் சொல்லிக் கொடுத்தாரு. மதகுல அமுக்கு, திரும்பி வரும்போது இழு, ஐயா உத்தரவுன்னாரு."

"ஏன்னு கேட்கலையா?"

"அந்த வீட்டுல 'ஏன்'னு கேட்டுட்டு வேலையில இருக்க முடியுமா தம்பி?" என்றார். "வண்டிக்கு நல்லதுன்னு நானா நெனச்சுக்கிட்டேன்."

நான் சிரிக்கவில்லை. நானும் அப்படித்தானே நினைத்துக்கொண்டேன்? அவருக்காவது பயம் ஒரு காரணம். பி.எஸ்ஸி. படித்த எனக்கு?

இதற்குள் சத்தம் கேட்டு அப்பா ஓடி வந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னேன். குதித்துக் குதித்துச் சொன்னேன். அவர் முகம் மாறியது. காரின் மேல் கையை வைத்தார். பிறகு அவரே சிரித்தார்.

"நெசமாவே நிறைவேத்தியிருக்கான்டா!"

"யாருப்பா? எதை?"

அப்போதுதான் சொன்னார். பண்ணையாள் காலத்தில் விடிவதற்கு முன்னால் இந்த ப்ளஷர் மதகில் வந்து நிற்குமாம். முதல் ஹாரனுக்கு எழுந்திருக்க வேண்டும். இரண்டாவதுக்கு வாசலில் நிற்க வேண்டும். மூன்றாவதுக்கு வயலில் கால் நனைந்திருக்க வேண்டும். அப்பாவின் வார்த்தையிலேயே எழுதுகிறேன். "உன் அக்கா அப்போ கைப்பிள்ளை. அம்மா பால் கொடுத்துக்கிட்டு இருப்பா. ரெண்டாவது ஹாரன் வந்துரும். பிள்ளையைப் பிச்சுப் போட்டுட்டு ஓடுவா."

ஸ்ட்ரைக் முடிந்து தாலுகா ஆபீஸில் பேச்சுவார்த்தை நடந்தபோது, கூலி நெல்லோடு கூட இன்னொன்றும் கேட்டிருக்கிறார்கள். எங்கள் தெருவில் ஹாரன் அடிக்கக் கூடாது. கேட்டவர் அப்பா. கூலி நெல்லுக்கு மூன்று நாள் மல்லுக்கட்டிய பண்ணையார், இதற்கு உடனே தலையாட்டிவிட்டாராம்.

"ஏமாத்துறான்னு நெனச்சேன். அப்புறம் களத்துக்கு இந்த வழியாத்தான் போவான், வருவான். ஒரு நாளும் அடிக்கலை. நம்ம மேல பயம்னு நெனச்சோம்" என்றார் அப்பா. "கோபம் வந்தா டிரைவர் பக்கத்துல உக்காந்து அவனே எட்டி ஹாரனை அடிப்பான், கை நிக்காது. அவன் கையை அவனாலேயே நம்ப முடியலை போல இருக்கு. அதான் பட்டன் வச்சிருக்கான்."

நான் உற்சாகமாக வயர் வெட்டும் குறட்டை எடுத்தேன். பட்டனைப் பிடுங்கிவிட்டு நேராக இணைத்துவிட்டால் வேலை முடிந்தது!

"தொடாதே" என்றார் அப்பா.

"அப்பா?"

"அது நாங்க பட்டினி கிடந்து வாங்குனது. இந்தத் தெருவுல ஹாரன் சத்தம் கேட்கக் கூடாது. அவ்வளவுதான். காரு மதகுலேயே நிக்கட்டும்."

என்ன சொல்வீர்கள்? எவ்வளவு வயரை வேண்டுமானாலும் பிரித்துப் பார்ப்பேன், அப்பாவை எப்படிப் பிரிப்பது? வீடு வரைக்கும் கெஞ்சிக்கொண்டே வந்தேன். அவர் அசையவில்லை.

வாசலில் அக்கா, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள்.

"அப்பா, ஒண்ணு கேக்குறேன். அவன் நம்மளை அடிச்சு எழுப்பக் கூடாதுன்னு வாங்குனியா? இல்லை, நாம அடிக்கக் கூடாதுன்னு வாங்குனியா?"

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சும்மா இருந்த மாட்டுக்கு வைக்கோல் போடப் போய்விட்டார்.

மறுநாள் மதியம். வெயில் மண்டையைப் பிளக்கிறது. தெரு முழுக்க நெல். உள்ளேயிருந்து அம்மாவின் குரல், "டேய், இது பொய் வலி இல்லைடா!"

ஓடினேன். நான் மதகுக்குப் போய்ச் சேர்ந்தபோது, டிரைவருக்குப் பக்கத்து ஸீட்டில் ஏற்கெனவே ஒருவர் ஏறி உட்கார்ந்திருந்தார். அப்பா! அம்மா கத்தியது கேட்டு வயலிலிருந்து குறுக்கே ஓடி வந்திருக்கிறார், காலெல்லாம் சேறு.

"எடு கோவிந்தா."

நான் பலகையில் தொற்றிக்கொண்டேன். மதகு ஏறியது. உச்சியில், பழகிய கை... கோவிந்தன் அண்ணனின் கை தானாக டாஷ்போர்டுக்கு அடியில் போனது. அப்பா அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னைக்கு வேண்டாம்."

பிறகு தன் கையை நீட்டி, ஸ்டீயரிங் நடுவில் உள்ளங்கையை வைத்து, அழுத்தினார்.

பாம்ம்ம்ம்ம்ம்!

தெருவே துள்ளியது! ராசாத்தி சித்தி முறத்தை வீசிவிட்டு, "ஏ, தங்கத்துக்கு வலி எடுத்திருச்சுடி! தள்ளுங்கடி நெல்லை!" என்று கத்தினார். துடைப்பமும் பலகையுமாக அத்தனை பேரும் ஓடி வந்தார்கள். காருக்கு முன்னால் நெல் இரண்டு பக்கமும் வரப்பு மாதிரி ஒதுங்கிக்கொண்டே போனது. அப்பா கையை எடுக்கவே இல்லை! மதகிலிருந்து கடைசி வீடு வரைக்கும் ஒரே ஹாரன்.

வாசலில் அக்காவைத் தாங்கிக்கொண்டு நின்ற அம்மா, அந்தச் சத்தம் கேட்டதும் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஓரடி எடுத்து வைத்துவிட்டாள். உடம்புக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அப்புறம் காரையும் அதற்குள் இருந்த அப்பாவையும் பார்த்தாள்.

"அட, இந்த மனுஷனா அடிக்கிறது!" என்று சிரித்தாள். அக்காவும் சிரித்தாள், பல்லைக் கடித்துக்கொண்டே. கட்டில் இல்லாமல், தன் காலால் நடந்து, காரில் ஏறினாள்.

திருவாரூர் ஆஸ்பத்திரியில் அன்றைக்குச் சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். எனக்கு மாமா பட்டம்.

வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று தெரு முன்னாடியே நெல்லை ஒதுக்கி வழி விட்டிருந்தது. கோவிந்தன் அண்ணன் ஆசை ஆசையாக ஹாரனில் கையை வைத்தார். பின் ஸீட்டில் குழந்தை, என் அம்மாவின் மடியில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. அப்பா முன்னாலிருந்து திரும்பிப் பார்த்தார். அப்புறம் மெல்லச் சொன்னார்.

"கோவிந்தா... மதகு வருது. பட்டனை அமுக்கு."

அமுக்கினார். இந்தத் தடவை ஏன் என்று அவருக்குத் தெரியும்!